செம்பருத்தி இலை சுருண்டால் வைரஸ்தானா?

மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செம்பருத்தியைப் பற்றி. அதுவும் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை, வடசென்னைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் ‘வைரஸ்’ என்றே எழுதியிருந்தாலும் எல்லாச் செடிக்கும் வந்திருப்பது வைரஸ் இல்லை. அதனால் பதில்கள் கொஞ்சம் நீளும்.

கே: இரண்டாவது மாடியில் ஆறு தொட்டிகளில் அடுக்குச் செம்பருத்தி வைத்திருக்கிறேன். ஒரு செடியில் மட்டும் நுனி இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்துவிட்டது. மொட்டும் உதிர்கிறது. உரக்கடையில் ‘வைரஸ் மருந்து’ என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மூன்று தடவை அடித்தும் பலனில்லை. வேறு என்ன அடிக்கலாம்?
தண்டையார்பேட்டை வாசகி

ப: அந்தப் பாட்டிலை ஓரமாக வையுங்கள் அம்மா. செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வைரஸ் செடியின் செல்லுக்குள் உட்கார்ந்து, அந்தச் செல்லின் சரக்கை எடுத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதை மட்டும் தனியாகப் பிடித்துக் கொல்ல வழியில்லை. பூஞ்சாணக் கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் ஊட்டம் தருபவை. அடித்தால் செடி நாலு இலை கூடுதலாக விடும், அந்த இலையும் சுருண்டேதான் வரும்.

ஆனால் உங்கள் செடிக்கு வந்திருப்பது வைரஸ்தானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். செம்பருத்தி நுனி சுருளுவதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். சுருண்ட இலையைப் பிரித்து, அடிப்பக்கத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெள்ளை மாவு அப்பியிருந்து, விரலால் நசுக்கினால் இளஞ்சிவப்பாகச் சாறு வந்தால் அது மாவுப்பூச்சி. அதன் எச்சிலில் இருக்கும் நச்சுதான் நுனியைக் கசக்கிப் போட்ட காகிதம்போல் ஆக்குகிறது. கணுக்கள் நெருங்கி, நுனி முடிச்சு விழுந்த மாதிரி இருக்கும். நரம்பு தடிக்காது.

பூச்சியே கண்ணில் படாமல், இளம் இலை கெட்டியாகி, விளிம்பு கீழ்நோக்கி மடங்கி, அடிப்பக்கம் பழுப்பாக மினுங்கினால் அது சிலந்திப்பேன் வகை. அந்தப் பேன் கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும்.

மூன்றாவதுதான் இலைச்சுருள் வைரஸ். இலை மேல்நோக்கிச் சுருளும். வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகள் தடித்துக் கரும்பச்சையாகத் தெரியும். அடிப்பக்கத்தில் நரம்பை ஒட்டிக் குட்டி இலைபோலவோ சின்னக் கிண்ணம்போலவோ ஒரு வளர்த்தி இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது பருத்தி வயல்களைப் பாழாக்கிய வைரஸ் குடும்பம். அதில் ஒன்றுக்கு பாகிஸ்தானின் முல்தான் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் நம் மாடிக்கும் வந்துவிட்டது. தென்னிந்தியச் செம்பருத்திகளிலும் இந்த வகை வைரஸ் பதிவாகியிருக்கிறது. சுமந்து வருவது வெள்ளை ஈ.

நரம்பு தடித்திருப்பதாக நீங்கள் சொல்வதால் நானும் வைரஸ் பக்கமே சாய்கிறேன். இருந்தாலும் செடியைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

அந்தத் தொட்டியை மற்ற ஐந்திலிருந்தும் பிரித்து மாடியின் எதிர் மூலைக்குக் கொண்டுபோங்கள். சுருண்ட நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வரை வெட்டி நேராகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். இலைகளின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் மாலை வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள். 5 மி.லி. வேப்பெண்ணெயில் 2 மி.லி. திரவ சோப்பை முதலில் விட்டு நன்றாக அடித்துக் கலக்கவேண்டும். அது பால்போல் ஆன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்கவேண்டும். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், அடிக்கும்போது எண்ணெய் மட்டும் ஓரிடத்தில் விழுந்து இலை கருகும். வெயில் இருக்கும்போது அடித்தாலும் அதே கதிதான். இதை வாரம் ஒரு முறை, நான்கு வாரம் செய்யுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டைகள் தப்பித்துவிடும், இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வெள்ளை ஈ பறக்கும்.

நான்கு வாரத்தில் வரும் புதுத் துளிரைப் பாருங்கள். நேராக, விரிந்து வந்தால் பூச்சிதான் காரணம், செடி பிழைத்தது. பூச்சி ஒன்றுகூட இல்லாமலே மறுபடி சுருண்டு, நரம்பு தடித்து வந்தால் வைரஸ். அப்போது செடியை எடுத்துவிடுவதே சரி. ‘ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விடாதீர்கள். வெள்ளை ஈ அந்த இலையில் சில மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், பிறகு பெரும்பாலும் சாகும்வரை போகிற செடிக்கெல்லாம் வைரஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. பட்டப்பகலில் செடியை உலுக்கிப் பிடுங்கினால் ஈ எல்லாம் பக்கத்துத் தொட்டிக்குப் பறந்துவிடும். விடியற்காலையில், ஈக்கள் மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் தெளித்து, பெரிய பாலிதீன் பையைத் தலைகீழாகச் செடியின் மேல் கவிழ்த்து, அடியில் கட்டிவிட்டு, பிறகு தண்டை அறுங்கள். பையை இரண்டு நாள் மொட்டை வெயிலில் போட்டுவிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். மண்ணைக் கொட்டவேண்டாம். இந்த வைரஸ் மண்ணில் தங்காது, வேர்களைப் பொறுக்கிவிட்டு அதே தொட்டியில் வேறு செடி வைக்கலாம்.

இன்னொன்று. மாடியில் வெண்டைக்காய் போட்டிருக்கிறீர்களா? வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயையும் இதே வெள்ளை ஈதான் பரப்புகிறது. வெண்டையும் கத்திரியும் இருக்கும் இடத்தில் ஈ குறையாது. பக்கத்துக் காலி மனையில் துத்திச் செடி மண்டியிருந்தால் அதுவும் இதே குடும்பம்தான், இந்த வகை வைரஸ்களுக்கு ஒதுங்கிடம். செம்பருத்தித் தொட்டிகளை அந்தச் சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள். செடி நுனியின் உயரத்தில் ஒரு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். அட்டை நோயைத் தீர்க்காது. ஆனால் ஈ எவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் கண்ணில் காட்டிவிடும்.

கே: நோய் வந்த செம்பருத்திப் பூவைச் சாமிக்குப் போடலாமா? இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம், அதனால் ஏதாவது ஆகுமா? மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவதால்தான் வைரஸ் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
காசிமேடு வாசகி

ப: பூவைப் போடலாம். செடியின் வைரஸ் மனிதருக்கு ஒட்டாது, இலையைத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. பூச்சிமருந்து அடித்த செடியின் இலையை மட்டும் தலைக்கு எடுக்காதீர்கள்.

மீன் தண்ணீரிலிருந்து செடிக்கு வைரஸ் வராது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் வேறு விதமாகக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கடல் மீன் அலசிய தண்ணீரில் உப்பு உண்டு, வாடைக்கு எறும்பும் வரும். வந்த எறும்பு சும்மா போகாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக அதைக் காவல் காத்து, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கிக்கொண்டும் போகும். இரண்டாவது மூன்றாவது அலசலை மட்டும், அதையும் ஐந்து மடங்கு நல்ல தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் நிறைந்த தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கொசு வராமல் இருக்கத் தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றவேண்டும்.

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டு வேகமாக நடக்கும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு.

கே: வீட்டு முன்னால் வரிசையாக எட்டுச் செம்பருத்தி. எல்லாம் ஒரே தாய்ச் செடியின் போத்து (வெட்டி நட்ட குச்சி). போன வருடம் ஒரு செடி இலையில் மஞ்சள் வளையமும் புள்ளியுமாக வந்தது. கவாத்து செய்த பிறகு ஒவ்வொன்றாக எட்டிலும் வந்துவிட்டது. வெள்ளை ஈ இல்லை, மாவுப்பூச்சியும் இல்லை. பூ மட்டும் பூக்கிறது, அளவு சிறுத்திருக்கிறது.
வியாசர்பாடி வாசகர்

ப: ஈ இல்லாமல் வரிசையாகப் பரவியது என்றால் பரப்பியது கவாத்துக்கு நீங்கள் எடுத்த கத்தரிக்கோல். மன்னிக்கவும், வேறு மாதிரி சொல்ல முடியவில்லை.

இது மஞ்சள் வளையப்புள்ளி வைரஸ். செம்பருத்தியில் உலகமெங்கும் காணப்படுவது. இதைச் சுமக்கும் பூச்சி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. நோயுள்ள செடியை வெட்டிய சாறு அலகில் ஒட்டியிருக்க, அதே அலகால் அடுத்த செடியை வெட்டினால் காயத்தின் வழியாக உள்ளே போய்விடும். இன்னொரு வழி போத்து. தாய்ச் செடிக்கு இருந்தால் அதிலிருந்து எடுத்த ஒவ்வொரு குச்சிக்கும் இருக்கும். வெயில் கடுமையான நாட்களில் சில செடிகளில் அடையாளம் மங்கிப் ‘போய்விட்டது’ என்று நினைக்கவைக்கும், உண்மையில் போகாது.

எட்டையும் பிடுங்கவேண்டிய கட்டாயம் இல்லை. இலைச்சுருள் நோய்போல் இது ஈ வழியாகப் பரவாது. நன்றாக உரமிட்டு, தண்ணீர் காட்டி, பூ கிடைக்கிறவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றிலிருந்து யாருக்கும் போத்து கொடுக்காதீர்கள். வேறு செம்பருத்தி வாங்கி அதே வரிசையில் நடவும் வேண்டாம்.

இனி கத்தரி விஷயம். முதலில் அலகைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பிசினை எடுங்கள். பிசின் ஒட்டியிருந்தால் எந்தக் கரைசலும் உள்ளே இறங்காது, பலரும் தவறுவது இங்கேதான். பிறகு வீட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, அலகை ஒரு நிமிடம் மூழ்க வையுங்கள். இந்தக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்கவேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் நம் கடல் காற்றுக்கு ஒரே வாரத்தில் துரு ஏறும். ப்ளீச் நெடி ஆகாதவர்கள் டிரைசோடியம் பாஸ்பேட் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள். தோலை அரிக்கும், கையுறை அவசியம். இரண்டு கத்தரி இருந்தால் வேலை சுலபம்: ஒன்று கரைசலில் ஊறட்டும், மற்றது வெட்டட்டும், செடிக்குச் செடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சானிடைசரால் துடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இந்த மாதிரி உறுதியான வைரஸ்களை ஆல்கஹால் நம்பகமாக அழிப்பதில்லை. செம்பருத்தியில் புகையிலைத் தேமல் வைரஸின் உறவுக்கார வைரஸ்களும் உண்டு, அவை இன்னும் கெட்டி. அந்த இனத்துக்குக் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 20 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கையையும் அலகையும் நனைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பால் புரதம் வைரஸைச் சூழ்ந்துகொள்ளும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அந்தப் புகையிலையிலேயே வைரஸ் உயிரோடு இருக்கக்கூடும்.

வேலையை எப்போதும் நல்ல செடியில் தொடங்கி, நோயாளியில் முடியுங்கள்.

கே: இலை விளிம்பெல்லாம் பழுப்பாகக் காய்கிறது. புது இலை வெளுத்து மஞ்சளாக வருகிறது. இது என்ன வைரஸ்? போர் தண்ணீரோடு ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரும் ஊற்றுகிறேன்.
எண்ணூர் வாசகர்

ப: வைரஸே இல்லை, உப்பு. உங்கள் பக்கத்து நிலத்தடி நீரின் கதை பழையது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறியது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. போர் தண்ணீரில் இருக்கிற உப்பை ஆர்.ஓ. மெஷின் பிரித்து, நல்லதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச உப்பையெல்லாம் கழிவுத் தண்ணீரில் தள்ளுகிறது. அதைத்தான் செடிக்கு ஊற்றுகிறீர்கள்.

வைரஸின் மஞ்சள் ஒழுங்கில்லாதது. இலையின் ஒரு பாதியில் இருக்கும், மறுபாதியில் இருக்காது. திட்டாகவோ வளையமாகவோ வரும். உப்பால் இலை காய்வது நுனியிலும் விளிம்பிலும் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முதிர்ந்த இலையில் முதலில் வரும். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை.

12 அங்குலத் தொட்டி என்றால் 25 முதல் 30 லிட்டர் மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து, ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக வெளியேற விடுங்கள். துளை அடைத்திருந்தால் இந்த வேலை வீண், முதலில் குச்சி விட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் உரம் வேண்டாம். பிறகு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், அரை எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று தடவை. தரையில் பட்டால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். இலைமேல் படியும் சாம்பல் தூசியை வாரம் ஒரு முறை கழுவிவிட்டால் செடி நன்றாக மூச்சுவிடும்.

கே: பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலையுள்ள செம்பருத்தி வாங்கினேன். இதுவும் தேமல் நோய் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
பெரம்பூர் வாசகி

ப: பயப்படாதீர்கள், அது ‘கூப்பரி’ என்ற வகை. அந்த நிறக்கலப்பு பிறவியிலேயே வருவது, மற்ற செடிக்கு ஒட்டாது. முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள், விட்டால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

ஆனால் உங்களைப் பயமுறுத்தியவர் சும்மா சொல்லவில்லை. நம் துத்தியின் சொந்தமான ஒரு பூச்செடி, மஞ்சள் திட்டு இலையோடு 1868-ல் ஐரோப்பாவுக்குப் போய், அழகுக்காகவே ஒட்டுக்கட்டிப் பரப்பப்பட்டது. அந்தத் திட்டு வைரஸின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. ஹாலந்தில் விலை தாறுமாறாக ஏறி 1637-ல் சரிந்த டியூலிப் கிழங்குகளிலும், தீச்சுடர்போல் கோடு விழுந்த பூக்களுக்குக் காரணம் அசுவினி பரப்பிய வைரஸ்தான்.

கே: அடுக்குமாடி வாசலில் கல்வாழை. இலை நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு கோடாக வந்து, பிறகு பழுப்பாகிக் கிழிகிறது. கிழங்கைப் பிரித்து வேறு இடத்தில் நட்டால் சரியாகுமா?
திருவொற்றியூர் வாசகர்

ப: ஆகாது. ஒரு பாத்தியில் இருக்கும் நோயை இரண்டு பாத்திக்குக் கொண்டுபோவீர்கள். கல்வாழைக்கென்றே ஒரு மஞ்சள் தேமல் வைரஸ் உண்டு, அது கிழங்கு வழியாகத்தான் ஊர் ஊராகப் போகிறது. ஒரே ஒரு சந்தேகம்: கோடு எல்லா இலையிலும் ஒரே சீராக, நடு நரம்பிலிருந்து விளிம்புவரை இழுத்த மாதிரி இருந்து, பூவும் நன்றாக இருந்தால் அது ‘பெங்கால் டைகர்’ என்னும் வரி இலை ரகம். விட்டுவிட்டு, துண்டு துண்டாகக் கோடு வந்தால் நோய். பாத்தியை ஓர் அடி ஆழம் தோண்டி, கட்டைவிரல் அளவு கிழங்குகூட விடாமல் எடுங்கள், விட்டால் அதுவே முளைக்கும். அந்த இடத்தில் இட்லிப்பூவோ அரளியோ வைக்கலாம்.

கே: குண்டுமல்லி இலையில் வெள்ளைக் கம்பளிபோல் படர்கிறது. வைரஸா, பூஞ்சையா?
ராயபுரம் வாசகி

ப: இரண்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன். கம்பளி பிடித்த கிளைகளை வெட்டிவிட்டு, நனையும் கந்தகத்தூள் 2 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் மூன்று வாரம் கழித்துத்தான் கந்தகம் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் இலை வெந்துபோகும்.

கே: தெருவில் வண்டியில் வரும் செடிகளை வாங்கலாமா? என்ன பார்த்து வாங்கவேண்டும்?
மூலக்கடை வாசகர்

ப: தாராளமாக வாங்கலாம். பூவைப் பார்க்காமல் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செடியை லேசாகத் தட்டும்போது வெள்ளைப் பொடிபோல் ஏதாவது பறந்தால் அடுத்த செடிக்குப் போங்கள். நுனியில் சின்ன இலைகள் நேராக இருக்கவேண்டும். ரோஜா என்றால் இலையில் மின்னல் கோடுபோல் மஞ்சள் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒட்டுக்கட்டும்போதே வந்த தேமல், பிறகு போகாது. ஒரு செடி மட்டும் பாதி விலை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்கியதை நேராகக் கொண்டுபோய்ப் பழைய தொட்டிகளுக்கு நடுவில் வைக்காமல், மூன்று வாரம் மாடிப்படிப் பக்கம் தனியாக வைத்து, முதல் துளிர் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே சேருங்கள். அந்த மூன்று வாரத்தில் அதற்குக் கத்தரி போடவும் வேண்டாம்.